பின்வளவில் ஓர் அறை

ஆகஸ்ட் 24
நல்லூரில் கொடி இறங்கிவிட்டது, இனி அம்மாவுக்கு அறை கட்ட மேசன்மார் வேலைக்கு வருவார்கள். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25
மேசன் அண்ணை வந்து பார்த்தார். "கல்லு அத்திவாரம் காணும் தங்கச்சி. ரெண்டரை அடி வெட்டப் பாறை தட்டும். பேந்தென்ன?" கொக்குவிலில் பெரும்பாலும் அப்படித்தான், மேலே கொஞ்சம் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். இரவு டொரொன்டோவிலிருந்து தம்பி. அவனுக்குத் தூண் அத்திவாரம் வேண்டும், பிறகு மேல்மாடி எடுக்கலாமாம். மேலே யார் இருக்கப் போகிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் கதை வேறு பக்கம் போகும்.

ஆகஸ்ட் 27
மழைக்கு முதல் முடியுமா?

ஆகஸ்ட் 28
அறை எங்கே வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அது பங்கர் இருந்த இடமெல்லோ பிள்ளை." சண்டைக் காலத்தில் ஒளிய வெட்டிய பதுங்குகுழி. எனக்கு அது மறந்தே போயிருந்தது. 95 ஒக்டோபரில் அப்படியே விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு ஓடினோம். அடுத்த வருடம் திரும்பி வந்து ஐயாதான் மூடினார். உடைந்த ஓடு, குப்பை, மண், கையில் அகப்பட்டதெல்லாம் உள்ளே போனது. மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளை எடுத்தாரா? அம்மாவுக்கு நினைவில்லை. எடுக்காவிட்டால் இத்தனை வருடத்தில் உக்கியிருக்கும், கீழே வெறும் பொந்துதான்.

ஆகஸ்ட் 29
"ட" வடிவப் பங்கர். அதன் கால் எந்தப் பக்கம் திரும்பியது? அம்மா கிணற்றடி என்கிறார். தம்பி தேசிமரத்தடி என்கிறான். அவனுக்கு அப்போது எட்டு வயது. தேசிமரமும் இப்போது இல்லை.

ஆகஸ்ட் 31
தெரிந்த எஞ்சினியர் பிள்ளை வந்தார். பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் கல்லு அத்திவாரம் போனால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுவர் வெடிக்குமாம். பழைய வீடு இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி முடிந்தது, புதியது இனித்தான் இறங்கும். அதனால் இரண்டையும் பிணைக்கக் கூடாது, நடுவில் ரெஜிபோம் (தெர்மோகோல்) வைத்துத் தனியாக நிற்கவிட வேண்டும். பழைய சுவரை ஒட்டி அதன் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டவும் கூடாது. தூண் குழிகள் பாறை வரை போகும், பங்கருக்கு மேலால் பீம் ஓடும். தரையையும் கம்பி கட்டி பீமில் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் நிற்கும், மாபிள் இறங்கும். தம்பி கேட்ட தூண்தான், ஆனால் மாடிக்காக இல்லை! மாடிக்குக் கம்பியை நீட்டி விடச் சொல்கிறான். விட்டால் கறள்தான் பிடிக்கும்.

போகும்போது, "பாறை தட்டினாலும் அலவாங்கால அடிச்சுச் சத்தத்தைக் கேளுங்கோ அக்கா" என்றார். பாறைக்குக் கீழேயும் பொந்து இருக்கலாமாம். நிலாவரைக் கிணறும் சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து உண்டானதுதானே. இதைச் சொல்லாமல் போயிருக்கலாம். நித்திரை வரவில்லை.

செப்டம்பர் 2
குளியலறைக் கழிவு எங்கே போவது? இந்தக் கல்லில் எதை விட்டாலும் கிணற்றுக்குத்தான் வரும்.

செப்டம்பர் 4
மேசன் அண்ணை தரையை ஓரடி பதிக்கச் சொல்கிறார், செலவு குறையுமாம். 2008இல் நிஷா புயலுக்கு இரண்டாம் படி வரை தண்ணீர் நின்றது. அதோடு அம்மா வாக்கரோடு படி இறங்குவதா? பழைய தரை மட்டம்தான், பேச்சில்லை. வெளியே சாய்தளம் வேண்டும்; ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளமாம். எங்கள் தரை இரண்டடி உயரம், ஆக 24 அடி. வளைத்துத்தான் போட வேண்டும்.

செப்டம்பர் 6
அத்திவாரம் வெட்ட ஐயர் 11ஆம் திகதி காலை நாள் வைத்துத் தந்தார். அதை விட்டால் புரட்டாதி, ஒன்றும் தொடங்க முடியாது. பிறகு ஐப்பசி மழை.

செப்டம்பர் 8
தேசிமரம் நின்ற பக்கம் அலவாங்கு சும்மா இறங்குகிறது. தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன், "நான் சொன்னனான்" என்று ஐந்து தரம் எழுதியிருக்கிறான். அம்மாவிடம் சொன்னேன். "அது 87இல வெட்டினது. நான் சொல்லுறது பிறகு வெட்டினது."

செப்டம்பர் 9
கிணற்றடியிலும் இறங்குகிறது.

செப்டம்பர் 10
அம்மாவை நாளைக்கே கூட்டிப்போகலாமாம், நாளைக்கேதான் அத்திவாரம் வெட்டும். எஞ்சினியர் ஆறு தூணை எட்டாக்கிவிட்டார். மேசன் அண்ணை கம்பிக்கு முற்பணம் கேட்டு வாசலில் நிற்கிறார்.