அந்தப் பெனால்டி மட்டும் போயிருந்தால்

2018 பிப்ரவரி கடைசியில் நானும் ஆறு வயது மகளும் அத்லோனில் வந்து இறங்கினோம். அந்த வாரமே எம்மா புயல் வந்து அயர்லாந்து முழுவதையும் பனியில் மூடிவிட்டது. கடைக்குப் போய்ப் பார்த்தால் பால் இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது, பிரெட் அலமாரி மட்டும் துடைத்து வைத்ததுபோல் காலி. செங்கல்பட்டுப் பக்கம் புயல் என்றால் மெழுகுவர்த்தியும் பால் பாக்கெட்டும் காணாமல் போகும், இங்கே பிரெட் போலிருக்கிறது.

மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்களுக்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்டாள். அன்று பனியில் நடந்தே டியூட்டிக்குப் போனாள். வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்க, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நான் துடைப்பத்தோடு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்வாரியை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் அரை பாக்கெட் பிரெட்டும் இருந்தது. "தேங்க்யூ சார்" என்றேன். பள்ளிக்கூட வாத்தியாரைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று சிரித்தார். எழுபதை நெருங்குகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. வீட்டுக்குள் அவர் 'பெரியவர்', அவ்வளவுதான்.

முதல் ஒரு வருடம் எனக்கு வேலை இல்லை. நர்ஸுக்குக் கிடைக்கும் பர்மிட்டில் கணவனாக வந்தவன், தனியாகப் பர்மிட் வாங்காமல் வேலை செய்ய முடியாது. 2019 மார்ச்சில்தான் அந்த விதி மாறியது. அதுவரை மகளைப் பள்ளியில் விடுவது, சமைப்பது, குளிக்கும் முன் வெந்நீர் ஸ்விட்சைப் போடுவது, குளித்ததும் மறக்காமல் அணைப்பது. 'இமர்ஷன்' என்று அவர்கள் சொல்லும் அந்த ஸ்விட்சை அணைக்காமல் வெளியே போவது இந்த நாட்டில் ஏறக்குறைய பாவம். இதைச் சொல்லிக் கொடுத்ததும் பெரியவர்தான்.

மூன்றாவதோ நான்காவதோ சந்திப்பில் அவர் கேட்டார்: "மிலானோடு எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது தெரியுமா?"

ஆங்கிலத்தில் 'நாங்கள்', 'நாம்' இரண்டுக்கும் ஒரே சொல். எதிரே நிற்பவனைச் சேர்த்துக்கொண்டு சொல்கிறார்களா, விலக்கி வைத்துச் சொல்கிறார்களா என்பதை நாமே ஊகிக்க வேண்டும். அன்று என் காதில் விழுந்தது 'நாங்கள்'தான். அவர்கள் ஊர், அவர்கள் பெனால்டி, எனக்கென்ன?

கதை இதுதான். 1975 அக்டோபர் 22. கால்பந்தில் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஏஃபா கோப்பையின் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் நார்வேயின் வோலரெங்கா அணியை வென்றிருந்த ஊர் கிளப் அத்லோன் டவுனுக்கு அடுத்து அமைந்தது இத்தாலியின் ஏசி மிலான். ஐரோப்பாவின் பெரிய கோப்பைகளை வாங்கிக் குவித்த அந்த மிலானே, ஷானன் ஆற்றங்கரையிலுள்ள இந்தச் சிறிய ஊரின் செயின்ட் மெல்ஸ் பார்க் மைதானத்துக்கு வந்து ஆடியது. பகுதி நேரமாகப் பந்து விளையாடும் உள்ளூர்ப் பையன்கள் ஒரு பக்கம், இத்தாலிய நட்சத்திரங்கள் மறுபக்கம். அத்லோனுக்குப் பெனால்டி கிடைத்தது. அடித்தவர் ஜான் மின்னக். வலையில் நின்றவர் என்ரிகோ அல்பெர்டோசி, 1970 உலகக்கோப்பை இறுதியில் இத்தாலிக்கு நின்றவர். பிடித்துவிட்டார். ஆட்டம் 0-0 என்று முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து சான் சீரோவில் மறு ஆட்டம். அங்கேயும் ஒரு மணி நேரம் வரை கோல் விழவில்லை. பிறகு மூன்று விழுந்தன. அப்போது மிலானுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஜொவான்னி த்ராபத்தோனி. முப்பத்து மூன்று வருடம் கழித்து அதே மனிதர் அயர்லாந்து தேசிய அணிக்கு மேனேஜராக வந்தார்.

இந்த ஊரில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த எவரைக் கேட்டாலும் அன்றைக்கு மைதானத்தில் இருந்ததாகத்தான் சொல்கிறார். எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் செயின்ட் மெல்ஸ் பார்க் சேப்பாக்கத்தை விடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

பெரியவர் என்னை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனது அந்த ஏப்ரலில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அயர்லாந்து லீக் 2003-இலிருந்து வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடக்கிறது, ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி இரவு. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் சாரலுக்காகக் குற்றாலத்துக்குக் காசு செலவழித்துப் போவோம். இங்கே அது இலவசம், வருடம் முழுக்க. இருக்கை இரண்டாயிரம் இருந்தது, ஆட்களை எண்ணிவிடலாம்போல் இருந்தது. டிக்கெட் கிழித்தவர், டீ ஊற்றியவர், இடைவேளையில் பரிசுச் சீட்டு விற்றவர் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் வாங்காதவர்கள். நீலமும் கறுப்பும் கலந்த சட்டையில் அத்லோன் ஆடியது, தோற்றது. எனக்குப் பின்னால் ஒருவர் தொண்டை கிழிய "கமான் தி டவுன்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். டவுன் என்றால் எனக்கு டவுன் பஸ்தான் ஞாபகம் வரும். அந்த அணியும் அன்று ஏறக்குறைய அப்படித்தான் ஓடியது, எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்று.

தோற்றதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எப்படி இருக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். "கிராண்ட்" என்றார்கள். பிரமாதம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஏதோ ஓடுது' என்பதற்கும் இங்கே அதே சொல்தான்.

அப்புறம்தான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். வேலை இல்லாதவனுக்கு நூலகம்தானே கதி. 1887-இல் தொடங்கிய கிளப் இது. அத்லோன் அப்போது பிரிட்டிஷ் ராணுவம் தங்கியிருந்த ஊர், ஷானனைக் கடக்கும் துறை. ஊரின் ஐரிஷ் பெயரே 'லூவனின் துறை' என்றுதான், மயிலாடுதுறை மாதிரி. சிப்பாய்கள் இருந்த ஊர்களில் கால்பந்து எளிதாக வேர்பிடித்தது. அதனாலேயே அதை 'அந்நிய விளையாட்டு' என்றவர்களும் உண்டு. அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினர்கள் சாக்கர் ஆடவும் பார்க்கவும் கூடாது என்று வைத்திருந்த தடை 1971 வரை இருந்திருக்கிறது. இன்றும் இந்தப் பகுதியில் 'ஃபுட்பால்' என்றால் பலருக்குக் கேலிக் ஃபுட்பால், பந்தைக் கையிலும் எடுக்கலாம். நாம் சொல்வது சாக்கர். இது தெரியாமல் மகளைப் பள்ளியில் 'ஃபுட்பால்' பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அவள் பந்தைக் கையில் பிடித்து ஓடுவதைப் பார்த்து நான் வெளியில் நின்று "கைல தொடாதே, கைல தொடாதே" என்று கத்தியது தனிக்கதை.

1924-இல் அத்லோன் நாட்டின் கோப்பையை வென்றது. அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதியில் 1-0 என்று தோற்ற அணியின் பெயர் ஃபோர்ட்சன்ஸ். கார்க் நகரத்தில் ஃபோர்டு கம்பெனி நடத்திய டிராக்டர் ஆலைத் தொழிலாளர்களின் அணி! மறைமலைநகர் ரயில் சத்தத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு ஃபோர்டு என்றால் ஜி.எஸ்.டி. சாலையில் போகும் ஷிப்டு பஸ்கள். கார்க் ஆலை 1984-இல் மூடப்பட்டது. நான் இதைப் படித்து நான்கு வருடம் கழித்து, 2022-இல், மறைமலைநகரிலும் கார் உற்பத்தி நின்றது. அந்தச் செய்தியைக் காட்டியபோது பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதே 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன ஐரிஷ் அணியில் அத்லோன்காரர்கள் சிலர் இருந்தார்கள். நான்கே வருடத்தில், 1928-இல், கிளப் லீக்கை விட்டே வெளியேறியது. திரும்பி வர 1969 ஆயிற்று. ஏறியதும் இறங்கியதும் இவர்களுக்குப் புதிதல்ல.

உண்மையான ஏற்றம் டர்லோ ஓ'கானர் மேனேஜராக இருந்த காலத்தில். 1980-81 சீசனில் நாட்டின் சாம்பியன், 1982-83-இல் மறுபடியும். அப்போது ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் தகுதி லீக் சாம்பியனுக்குத்தான். கோபன்ஹேகனின் கேபி அணியோடு அங்கே 1-1, இங்கே 2-2. மொத்தம் சமம், ஆனால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற கணக்கில் வெளியே. 1983-இல் பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்டு லியேஜ் வந்தது. இங்கே 2-3, அங்கே 2-8. பெரியவர் எட்டைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும்.

சரி, அப்புறம் ஏன் விழுந்தது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். பணம், நிர்வாகம் என்பது எங்கும் சொல்வது. எனக்கு அதைவிட மேலாகத் தெரிவது தொலைக்காட்சி. இந்த ஊரில் லிவர்பூல் சட்டையும் மான்செஸ்டர் யுனைடெட் சட்டையும் தெருவுக்குத் தெரு கண்ணில் படும். அத்லோன் சட்டையைத் தேட வேண்டும். 2020 வரை நன்றாக ஆடுகிற பையன் பதினாறு வயதில் இங்கிலாந்துக்குப் போய்விடுவான். போகாதவனை டப்ளின் கிளப் ஒன்று எடுத்துக்கொள்ளும், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் டப்ளின். மிச்சம் இருப்பவர்களைக் கேலிக் பாதி பங்கு போட்டுக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பக்கம் நாடகக் கம்பெனிகள் எப்படிப் போயின என்று யோசித்தால் இது புரியும். யாரும் அவற்றை மூடவில்லை. பார்க்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

1996-இல் மேல் டிவிஷனை விட்டு இறங்கிய டவுன், 2013-இல்தான் மறுபடி ஏறியது. 2014-இல் திரும்பவும் கீழே. இடையில், 2007-இல், ஊருக்குள் இருந்த செயின்ட் மெல்ஸ் பார்க்கை விட்டுவிட்டு, பைபாஸ் பக்கம் லிஸிவொல்லனில் புது மைதானத்துக்குப் போனார்கள். புது மைதானம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு மாலை ஆட்டத்தின் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து நடந்தே போனவர்கள், இப்போது காரை எடுக்க வேண்டும். காரை எடுத்தால் எங்கேதான் போக முடியாது?

2017-ஐப் பற்றிப் பெரியவராகப் பேசியதில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வந்தார்கள், பல நாட்டு வீரர்கள் வந்தார்கள். அந்த ஏப்ரலில் லாங்ஃபோர்டு டவுனோடு நடந்த ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணம் சந்தேகமாக இருக்கிறது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா எச்சரித்தது. விசாரணைக்குப் பின் இரண்டு வீரர்களுக்கு ஐரிஷ் கால்பந்துச் சங்கம் ஓராண்டுத் தடை விதித்தது. தாங்கள் குற்றமற்றவர்கள் என்றே அந்த இருவரும் சொன்னார்கள். நான் முதலில் பார்த்த அந்த ஆளில்லாத மைதானம், அதற்கு அடுத்த வருடத்து மைதானம். வெளிநாட்டுக்காரனான என்னை, அப்படியொரு வருடத்துக்குப் பிறகும் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

2019-இல் மருத்துவக் கருவி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஷிப்டு. வெள்ளி இரவு ஓய்வு கிடைக்கும் வாரங்களில் மட்டும் மைதானம். 2020-இல் கொரோனா. அதே வருடம் அத்லோன் பெண்கள் அணி தேசிய லீக்கில் சேர்ந்தது. ஆண்கள் வழக்கம்போல் அட்டவணையின் அடிப்பக்கத்தில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்க, பெண்கள் 2022-இல் கோப்பை இறுதிக்குப் போய் ஷெல்பர்னிடம் தோற்றார்கள். 2023-இல் அதே ஷெல்பர்னைப் பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்தார்கள். 2024-இல் லீக் சாம்பியன்.

2023 இறுதியை எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். பெரியவர், மகள், நான், தட்டில் மசால் வடை. ஆட்டம் பெனால்டிக்குப் போனதும் அவர் எழுந்து சமையலறைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொரு வயது மகள் ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னாள். முடிந்ததும் அவர் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன வடையை எடுத்துக் கடித்தார். "நாற்பத்தெட்டு வருஷம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன வருடம் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு தம்பி குடும்பத்தோடு வந்தான். அவன் மனைவியும் நர்ஸ். ஊரைச் சுற்றிக் காட்டினேன். கோட்டை, ஆற்றுப் பாலம், பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மாகாணமே வேறு என்பது, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், இமர்ஷன் ஸ்விட்ச். பழைய மைதானம் இருந்த பக்கமாக வந்தபோது காரை ஓரமாக நிறுத்தினேன்.

"இங்கதான் தம்பி, 1975-ல மிலானுக்கு எதிரா நாம பெனால்டியை விட்டுட்டோம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நாமளா? அண்ணே, நீங்க பொறந்ததே எண்பத்திரண்டுன்னீங்க?"