உரிமையும் உண்டு

என் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே ‘வீட்டு வழிக் கல்வி’ என்று எழுதியவள் நான்தான். ஏழு வயது. மூளை முடக்குவாதம். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வாள், பேச்சு இழுத்து இழுத்து வரும். முகாமில் மருத்துவர் ஊனம் எண்பது சதவீதத்துக்கு மேல் என்று போட்டுக் கொடுத்தார். படிவத்தில் அடுத்த கட்டத்தை நான் நிரப்பினேன். இரண்டு நிமிட வேலை.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகச் சேர்ந்து அப்போது எனக்கு நாலு வருஷம். நான் படித்தது செவித்திறன் குறைபாட்டுக்கான பி.எட். வேலைக்கு வந்த பிறகு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. காது கேளாதவர், பார்வை மங்கியவர், ஆட்டிசம், தசைச்சிதைவு என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே ஆள் கணக்கில்தான். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனம் ஏழு வகை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21. வகை கூடிய அளவுக்கு எங்கள் ஆள் கணக்கு கூடியதாக நினைவில்லை.

வாரம் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போவேன். மணி கோர்ப்பது, நிறம் பிரிப்பது, பட அட்டையைக் காட்டிப் பேச வைப்பது. இயன்முறை மருத்துவர் வேறொரு நாள் வந்து கை கால்களை நீட்டி மடக்கிவிட்டுப் போவார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ‘ஹோம் பேஸ்டு பிள்ளைகளை ஒழுங்காகப் பார்க்கிறவள்’ என்று கூட்டத்தில் பேர் வாங்கியிருந்தேன்.

அவள் வீடு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை ஒட்டினாற்போல் இருந்தது. ஒருநாள் மணி கோர்த்துக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, “இன்ட்ரோல்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சுளித்து, “தக்காளி சாதம்.” சத்துணவுக் கூடத்திலிருந்து தாளிக்கிற வாசனை. அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “எல்லா பெல்லும் தெரியும் டீச்சர் அவளுக்கு. கடைசி பெல் அடிச்சா வாசல்ல கொண்டுபோய் உக்கார வைக்கணும், இல்லன்னா ஒரே அழுகை.”

பள்ளிக்கூடம் போக ஆசையா என்று அதுவரை அவளிடம் நான் கேட்டதே இல்லை. அம்மாவிடமும்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே படிப்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு என்கிறது. உரிமை‘யும்’. பள்ளிக்கூடம் எப்போதும் அவளுடையதுதான், முடியாதபோது இதுவும் இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் அந்த ‘உம்’மை விழுங்கிவிட்டு, சதவீதத்தைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கும் அது வசதி. எனக்கும் வசதி என்பதை ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

அவளைப் பள்ளிக்கு அழைத்துவரலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். கெட்டவர் இல்லை, பயந்தவர். “விழுந்துட்டா யாரு மேடம் பதில் சொல்றது?” என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. சாய்வுதளம் இருந்தது, அதன் அடியில்தான் எல்லாரும் சைக்கிளை நிறுத்துவார்கள். கழிப்பறையில் கைப்பிடி இருந்தது, கதவு பூட்டியிருந்தது, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாவி தேடவே ஒரு வாரம் போயிற்று. சிறப்பு நாற்காலி ஒன்று முன்னொரு முகாமில் அவளுக்குக் கொடுத்தது, வீட்டில் துணி போடுகிற இடமாக இருந்தது. அதைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இந்தப் பிள்ளைகளுக்கான அரசுத் திட்டத்தில் இருக்கிறவை குறைவு என்று சொல்லமாட்டேன். துணைக்கு வருபவருக்குப் படி உண்டு, போக்குவரத்துப் படி உண்டு, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. ஆனால் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிற நாளில் பத்தரை மணிக்கு அந்தப் பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போவது யார் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. சத்துணவு ஆயா, “நான் பாத்துக்கறேன், எம் பேத்தி மாதிரி” என்றார். அது அவர் வேலையே இல்லை. அவர் லீவு போட்ட நாட்களில் பிள்ளையும் லீவு.

முதலில் வாரம் இரண்டு நாள், காலை மட்டும். முதல் நாள் பயத்தில் வாந்தி எடுத்தாள். இரண்டாம் வாரம் பக்கத்துப் பெஞ்சுப் பையனின் ரப்பரை எடுத்து ஒளித்துவைத்து, கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னாள். நான் நாலு வருஷமாக எழுதிய முன்னேற்றக் குறிப்புகளில் இவ்வளவு பெரிய முன்னேற்றம் ஒன்றுகூட இல்லை.

வேறு மாதிரியும் நடக்கும். பத்தாம் வகுப்பில் ஒரு பையன். பாடத்தைக் கேட்டால் கடகடவென்று சொல்வான், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும். ஒன்பது வருஷமாக அவனுக்குச் சோம்பேறி என்றுதான் பேர். பொதுத்தேர்வு நெருங்கியபோதுதான் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு என்று அப்பா அலைந்தார். எல்லாம் கிடைத்தன. இது கற்றல் குறைபாடு என்று மூன்றாம் வகுப்பில் யாராவது கண்டுபிடித்திருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது. அந்த யாராவது நானாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பள்ளி என் பட்டியலில்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது வாரம் ஐந்து நாளும் வருகிறாள். பிரச்சினை நாற்காலி. பிள்ளை வளர்ந்துவிட்டாள், நாற்காலி வளரவில்லை. கால் தொங்கத் தொடங்கியதும் மறுபடி சாய ஆரம்பித்தாள். புதிய அளவெடுக்க அடுத்த முகாம்வரை காத்திருக்க வேண்டும். ஊர் ஆசாரி வந்து பார்த்து, கால் வைக்கும் பலகையை இரண்டு அங்குலம் இறக்கி, முதுகுப் பக்கம் ஒரு சட்டம் வைத்து அடித்தார். கூலி 300 ரூபாய். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ரசீதை இன்னும் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.