பின்கட்டு அறையின் வடக்குச் சுவர்

ஜூன் 29, 2025, ஞாயிறு. உடுமலைப்பேட்டை

சென்னிமலைப் பெட்ஷீட்டை இன்று கழற்றி மடித்தாயிற்று. போன வருடத்திலிருந்து புரொஜெக்டரில் படம் பார்க்க அதுதான் எங்கள் வீட்டுத் திரை. துணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழுகிற ஒளியில் ஒரு பங்கு நெசவின் இடைவெளி வழியே பின்னால் போய்விடுகிறது. ஆனி மாதக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் காற்று உடுமலையில் எந்த வீட்டையும் சும்மா விடுவதில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் துணி அசைகிறது, முகங்கள் நெளிகின்றன.

கோவையில் விலை விசாரித்தேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய 100 அங்குலத் திரைக்கு 20,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். கடை இருந்தது வெரைட்டி ஹால் ரோட்டுக்கு அருகில். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் நிறுவிய வெரைட்டி ஹாலின் பெயர்தான் அந்தச் சாலைக்கு. ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். அந்தச் சாலையில் நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்: திரை வாங்கப் போவதில்லை, சுவரையே திரையாக்கப் போகிறேன்.

இடம், பின்கட்டில் தேங்காய் போட்டு வைத்திருந்த அறை. 12 அடிக்கு 14 அடி. வடக்குச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு என்ற 16:9 அளவில் மூலைக்கு மூலை 100 அங்குலம் என்றால் அகலம் 87 அங்குலம், உயரம் 49. என் புரொஜெக்டருக்குப் பட அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். கிட்டத்தட்ட 11 அடி. அறைக்குள் அடங்குகிறது.

ஜூலை 2, புதன்

பெயிண்டர் அண்ணன் வந்தார். அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பவர். எந்தக் கம்பெனிப் பெயிண்ட் என்று நான் பேச்சைத் தொடங்கியதும் கையமர்த்தினார். “பெயிண்டைப் பிறகு பார்க்கலாம் தம்பி. முதலில் சுவர் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.”

ஆறடி மட்டப்பலகையைச் சுவரில் சாய்த்து மேலும் கீழும் நகர்த்தினார். நடுவில் பலகைக்கும் சுவருக்கும் இடையே ஒரு தீக்குச்சி தாராளமாகப் போய்வந்தது. அடுத்து விளக்கை அணைத்தோம். கைப்பேசியின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிட்டேன். பகலில் வழவழவென்று தெரிந்த சுவர் அந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. கொத்தனாரின் கரண்டி வளைந்த தடம், பழைய ஆணித் துளை, டிஸ்டம்பர் உரிந்த ஓரம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நிழல்.

இதற்கு ஏன் இத்தனை கவலை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. படத்தின் அகலத்தில் 1920 புள்ளிகள். 87 அங்குலம் என்பது 2,214 மில்லிமீட்டர். வகுத்தால் ஒரு புள்ளி 1.15 மில்லிமீட்டர். சுவரில் இருக்கும் சொரசொரப்பு இதைவிட மிகச் சிறியதாக இருந்தால் கண்ணுக்குப் படாது. ரோலர் விட்டுப்போகும் கொப்புளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அது படத்துக்குமேல் இன்னொரு படமாகத் தெரியும். காமிரா மெல்ல நகரும் காட்சியில் ஆகாயத்தின்மேல் அழுக்குக் கண்ணாடி வைத்ததுபோல் ஆகிவிடும்.

ஜூலை 5, சனி

டிஸ்டம்பரைச் சுரண்டியே தீர வேண்டும் என்றார் அண்ணன். அதன்மேல் பட்டி, அதாவது சுவரைச் சமமாக்கும் மாவுக் குழம்பு, வைத்தால் பிடிப்பு இருக்காது, பிறகு பொருக்கோடு கழன்று வரும். சுரண்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் காயும் முன் வெள்ளைச் சிமெண்ட் பட்டி. பள்ளத்தை ஒரே பூச்சில் நிரப்பாமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினார். கனமாக வைத்தால் காயும்போது வெடிக்கும். அகலமான தகட்டை ஒரு பூச்சுக்குக் குறுக்காகவும் அடுத்ததற்கு நெடுக்காகவும் இழுத்தார். நான் டார்ச் பிடித்தேன். நிழல் விழும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட வேண்டும், அவர் அங்கே மட்டும் மீண்டும் ஒரு இழுப்பு இழுப்பார். பெரிய அறை பூராவும் இப்படிச் செய்ய முடியாது. முப்பது சதுர அடிக்குச் செய்யலாம், செய்ய வேண்டும். செலவைச் சுருக்க நினைப்பவர்கள் கூலியை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜூலை 6, ஞாயிறு

உப்புத்தாள். 180, 220, கடைசியில் 320; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன்; வெறும் விரலால் அழுத்தினால் விரலின் பள்ளமே சுவரில் இறங்கிவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டும் மாவு தொண்டைவரை போனது. மாலையில் ஈரத்துணியால் துடைத்து, பெயிண்டுக்கு அடிப்பூச்சாக ஒரு பூச்சு பிரைமர்.

ஜூலை 8, செவ்வாய். ஈரோடு

மச்சான் வீட்டுக்கு வந்த கையோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குப் போனோம். திங்கள் மாலை தொடங்கிய சந்தை, காலையில் இன்னும் சூடு குறையாமல் நடக்கிறது. தேடியது கறுப்பு வெல்வெட். திரையைச் சுற்றி மூன்றரை அங்குலத்தில் கரை கட்ட வேண்டும்.

கடைக்காரர் நான்கு விதம் எடுத்துப் போட்டார். எல்லாமே கறுப்பு என்றுதான் தோன்றும். ஒவ்வொன்றின்மேலும் டார்ச் அடித்தேன். மூன்று துணிகள் பளபளத்தன. அவற்றில் ஒன்றில் ஊதா நிறம் எட்டிப் பார்த்தது. பருத்தி வெல்வெட் மட்டும் ஒளியை அப்படியே விழுங்கிக்கொண்டது. அதன் நூல்முனைகள் நிமிர்ந்து நிற்பதால் உள்ளே போன ஒளி அங்கேயே முட்டி மோதி ஓய்ந்துவிடுகிறது. இரண்டரை மீட்டர் வாங்கினேன். நீளவாக்கில் வெட்டினால் நான்கு பக்கத்துக்கும் போதும். “மாப்பிள்ளை, சட்டைத்துணிக்குக்கூட நீங்கள் இப்படிப் பார்த்ததில்லை” என்றார் மச்சான்.

ஜூலை 12, சனி

இந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வெள்ளையா, சாம்பலா என்ற கேள்வி.

புரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது. ஒளியைப் போடும், அல்லது போடாமல் இருக்கும். இரவுக் காட்சியில் நாம் காணும் கறுப்பு, அந்த நேரத்தில் சுவர் எப்படி இருக்கிறதோ அதுதான். படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமாக இருந்தால் அந்த ஒளி சுவரில் பட்டு, வெள்ளைக் கூரைக்குப் போய், அங்கிருந்து திரும்பிச் சுவரில் விழுந்து கறுப்பைச் சாம்பலாக்குகிறது. வெறும் இருட்டறை மட்டும் இதைத் தடுக்காது.

இங்கேதான் சாம்பல் பெயிண்டின் பயன். விழும் ஒளியில் 60 சதவீதத்தைத் திருப்பித் தரும் பெயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் ஒளி சுவரில் ஒரே முறைதான் படுகிறது. 60 பங்கு நம் கண்ணுக்கு வருகிறது. கூரைக்குப் போய்த் திரும்பும் ஒளியோ சுவரில் இரண்டு முறை பட வேண்டும். 60இல் 60, அதாவது 36 பங்குக்குமேல் வராது. படம் கொஞ்சம் மங்குகிறது, கறுப்பைக் கெடுக்கும் ஒளி அதைவிட அதிகமாக மங்குகிறது.

மங்கலைத் தாங்க முடியுமா? புரொஜெக்டரின் பெட்டியில் 2000 லூமென் என்று போட்டிருக்கிறது; அது வெளியே விடும் மொத்த ஒளியின் அளவு. நிறம் சரியாக வரும் சினிமா நிலையில் அதில் பாதி என்றே கணக்கிட்டேன். அந்த 1000 லூமென் 2.76 சதுர மீட்டரில் விழுந்தால் வெள்ளைச் சுவரில் 115 நிட் (கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு) வரும், சாம்பலில் 69. டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட். எனவே தாராளம்.

கூரைக்கு அடிக்கும், துளியும் மினுக்கமில்லாத டெட் மேட் வெள்ளை எமல்ஷனைத்தான் அடிப்படையாக எடுத்தேன். விலை உயர்ந்த எமல்ஷன்களில் ஒரு மினுமினுப்பு உண்டு. படத்தின் நடுவில் புரொஜெக்டரின் ஒளி வட்டமாகக் கனலும். வெள்ளிப் பெயிண்ட், முத்துப்பொடி கலக்கும் முறைகளையும் இதே காரணத்துக்காக ஒதுக்கினேன். அவை நேர் எதிரே உட்கார்பவருக்குப் பிரகாசமாகவும் ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகவும் காட்டும். எங்கள் வீட்டில் படம் பார்ப்பவர்கள் சுவருக்குச் சுவர் உட்காருகிறவர்கள்.

அட்டைகளில் பூசிப் பார்த்தேன். பெயிண்டில் நிறம் சேர்க்கும் ஸ்டெயினரில் கறுப்பை மட்டும் விட்டால் சாம்பல் நீலத்துக்குச் சாய்கிறது; வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிகிறது. மஞ்சள் ஆக்சைடு ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் நீலம் அடங்கியது. இரவில் அட்டைகளைச் சுவரில் சாய்த்து, முகங்கள் நிறைந்த ஒரு காட்சியை நிறுத்தி வைத்தேன். மகள், எது எது என்று தெரியாமலே நடு அட்டையைக் காட்டினாள். “இதில்தான் அப்பா முடி முடியாகத் தெரிகிறது.” இளஞ்சாம்பல். அதுவே முடிவு.

ஜூலை 13, ஞாயிறு

விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கினோம். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். தோட்டத்துப் புழுதி ஈரப் பெயிண்டில் வந்து உட்காரும். தரையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டோம். பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். அண்ணன் புது ரோலரின்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, உதிரும் பஞ்சையெல்லாம் எடுத்தார். குட்டை முடி ரோலர். நீள முடி என்றால் ஆரஞ்சுத் தோல் போல வரும்.

ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் ஏற வேண்டும். அதனால் இடையில் டீக்குக்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு பட்டையையும் முடிக்கும்போது அழுத்தாமல், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. எல்லாப் பட்டைக்கும் அதே திசை. நான்கு மணி நேரம் விட்டு அடுத்த பூச்சு. ஒரு லிட்டரில் மூன்று பூச்சும் முடிந்து, கொஞ்சம் மீந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. என் மனைவி கரூர்க்காரி, வழக்கம்போல் தேங்காய் சுட்டாள். இவளுடைய அண்ணன் அங்கிருந்து கனமான திரைச்சீலை அனுப்பியிருக்கிறார், ஏற்றுமதியில் மீந்த சரக்கு. மேற்கு ஜன்னலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்திவிட்டது. சுவரைத் தொடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

புரொஜெக்டரைச் சுவருக்கு நேராக, ரசமட்டம் வைத்துப் பொருத்தினேன். சாய்வாக வைத்துவிட்டு, கோணலான படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியில் சரிசெய்யும் வழியும் உண்டு. ஆனால் படத்தைச் சுருக்கித்தான் அது நேராக்கும், புள்ளிகள் வீணாகும். விழுந்த சட்டத்தின் நான்கு மூலையையும் குறித்து, குறுக்காக நாடா பிடித்தேன். இரண்டு பக்கமும் 100 அங்குலம் வந்து, எதிரெதிர் ஓரங்களும் சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணம். பிறகு மெல்லிய மரச்சட்டத்தில் வெல்வெட்டைச் சுற்றிச் சுவரில் அடித்தோம்.

கரை வந்த நிமிடம் அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பெயிண்ட் அதேதான், புரொஜெக்டர் அதேதான். விளிம்பில் சிந்திக்கொண்டிருந்த ஒளியைத் துணி வாங்கிக்கொண்டது. பக்கத்தில் உண்மையான கறுப்பு இருப்பதால் படத்துக்குள் இருக்கும் கறுப்பும் ஆழமாகத் தெரிகிறது. அப்பா நாற்காலியை இன்னும் ஓரடி முன்னால் போட்டுக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

மீதமிருந்தது கூரை. திரையை ஒட்டி நான்கடி தூரத்துக்கு அடர் சாம்பல் அடிக்க வேண்டும் என்றேன். “ஏனுங்க, கூரைக்குக் கறுப்பா? வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றாள் இவள். நியாயமான கேள்வி. வெல்வெட்டில் மீந்த துண்டோடு கறுப்புப் போர்வை ஒன்றையும் கூரையில் குண்டூசியால் குத்தி, இரவுக் காட்சி ஒன்றைப் போட்டேன். பாதிப் படத்தில் போர்வையை அவிழ்த்தேன். படத்தில் கிணற்றுக்குள் இருந்த இருட்டு வெளுத்துப் போனது. “சரி, அடித்துவிடுங்கள். மற்ற மூன்று சுவரையும் தொடக் கூடாது” என்றாள். இன்று அண்ணன் அடித்து முடித்தார்.

பட்டி, பிரைமர், பெயிண்ட், ஸ்டெயினர், வெல்வெட், மரச்சட்டம், அண்ணனின் கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் அடங்கியது. அதில் பெரிய பங்கு கூலி. ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. மீந்த சாம்பலை மூடி இறுக்கி, எத்தனை சொட்டுக் கறுப்பு, எத்தனை சொட்டு மஞ்சள் என்று எழுதி டப்பாவின்மேல் ஒட்டியிருக்கிறேன். மேட் பெயிண்டைத் தேய்த்துக் கழுவ முடியாது. கறை பட்டால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினாலும் திட்டாகத் தெரியும், சுவர் முழுவதும் ஒரு பூச்சு ஓட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு ஆடிப்பெருக்கு. தங்கச்சி வீட்டுக் குழந்தைகள் வருகிறார்கள். அதற்குள் திரைக்கு முன்னால் பெஞ்சு ஒன்றைக் குறுக்கே போட வேண்டும்.