கொழும்பில் பிளட் வாடகைக்கு எடுக்கப் போகும் மட்டக்களப்பாருக்கு

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அனேகமாக ஒரே மாதிரித்தான் போகிறார்கள். சனி இரவு பஸ், விடிய வெள்ளவத்தையில் இறக்கம், ஞாயிறு பகலுக்குள் மூன்று நாலு பிளட் (அடுக்குமாடி வீடு), இரவு திரும்பப் பஸ். ஞாயிறு காலை பத்து மணிக்கு காலி வீதியே ஓரளவு அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் எந்த வீட்டைக் காட்டினாலும் நல்ல வீடுதான். கிழமை நாளில், பின்னேரம் நாலரைக்கும் ஏழுக்கும் இடையில் போய்ப் பாருங்கள். மேற்கு வெயில், வேலை விடும் நேர நெரிசல், ரயில், லிப்டுக்கு நிற்கிற ஆட்கள், குழாயில் தண்ணீர் வருகிற வேகம் எல்லாம் ஒன்றாகத் தெரிவது அப்போதுதான்.

கல்லடியிலும் நாவலடியிலும் வளர்ந்தவருக்குக் கடல் என்றால் கிழக்கு. 'கடல் பார்த்த பிளட்' என்று புரோக்கர் சொன்னதும் காலை வெயில்தான் மனதில் வரும். கொழும்பில் கடல் மேற்கே. பகல் ஒரு மணிக்குப் பிறகு பொழுது படுமட்டும் ஹோல் கண்ணாடி முழுக்க வெயில் நிற்கும். எங்கள் பக்கம் கச்சான் அடித்து நிலம் காய்கிற மே, ஜூன் மாதங்களில் அங்கே தென்மேற்குப் பருவமழை. அது நேராக அதே கண்ணாடியில்தான் வந்து மோதும். சறுக்கு யன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியே வடியச் சின்னத் துளைகள் இருக்கும். மண்ணும் உப்பும் அதை அடைத்துவிட்டால் மழைநீர் வீட்டுக்குள் திரும்பும். யன்னலுக்குக் கீழே உள்ள சுவரை விரலால் தட்டுங்கள். வெறுஞ்சத்தம் கேட்டாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் புதிதாக இருந்தாலோ, அங்கே தண்ணீர் இறங்கியிருக்கக்கூடும்.

ரயில் பாதை கடலோரமாக ஓடுகிறது, அதை ஒட்டி மெரின் டிரைவ். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளின் கடைசிக் கட்டடத்தில் எடுப்பவருக்கு ரயில் சத்தமும் வாடகையோடு சேர்த்தி. யன்னலைச் சாத்தினால் குறையும், ஆனால் சாத்தினால் ஏசி போட வேண்டும். அது கரண்ட் பில்லில் வந்து நிற்கும்.

12,000 BTU (பிரிட்டிஷ் வெப்ப அலகு, குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஒன்று, இன்வேற்றர் வகையானாலும், சராசரியாக மணிக்கு 0.6 அலகு (யூனிட்) மின்சாரம் எடுக்கிறது என்று வையுங்கள். இரவு 8 மணித்தியாலம் ஓடினால் 4.8 அலகு, மாதத்துக்கு 144. வீட்டு மின்கட்டணத்தில் 60, 90, 120, 180 என்று படிகள் உண்டு. ஏறும்போது அலகின் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். ஒரு அறை ஏசியும் பிரிட்ஜும் சேர்ந்தாலே 180ஐ நெருங்கிவிடும். மூன்று அறைக்கும் ஏசி இருக்கிறது என்பது விளம்பரத்துக்கு நல்ல வசனம், அவ்வளவுதான். மீற்றர் யாருடையது என்றும் கேளுங்கள். சில கட்டடங்களில் முழுக் கட்டடத்துக்கும் ஒரே இணைப்பு, உள்ளே உபமீற்றர். அங்கே அலகுக்கு எவ்வளவு அறவிடுகிறார்கள் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், முந்தின மூன்று மாத பில்லையும் பாருங்கள்.

ஏசியின் வெளி இயந்திரத்தை எட்டிப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பின்பக்க அலுமினியத் தகடுகள் வெள்ளைத் தூளாக உதிர்கின்றனவா? உப்புக் காற்று தின்றிருக்கிறது; காஸ் கசிந்து குளிர் நின்றுபோக அதிக நாள் இல்லை. மூன்று மாதத்துக்கொரு சேர்விஸ் குடியிருப்பவர் செலவு என்பது வழமை. கொம்பிறஸர் போனால் யார் என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாகப் போடுங்கள்.

இனி காசு. அதிக மனவருத்தம் வருவது 'அட்வான்ஸ்' என்ற ஒரு சொல்லால்தான். வாடகை மாதம் 1,50,000 ரூபா, ஆறு மாத அட்வான்ஸ் 9,00,000 ரூபா என்று பேசினால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். ஒன்று, முதல் ஆறு மாத வாடகை கட்டியாயிற்று, ஏழாம் மாதத்திலிருந்து கொடுத்தால் போதும். இரண்டு, மாதா மாதம் 75,000 கழியும், மிச்சம் 75,000 கையால் கொடுக்க வேண்டும், ஒரு வருடத்தில் சரியாகும். மூன்று, அது கழியவே கழியாது; வீட்டை விடும்போது திருப்பித் தரும் வைப்புப் பணம், முதல் மாதமே வாடகை வேறு. வீட்டுக்காரர் மூன்றாவதை நினைத்துக்கொண்டும் நீங்கள் முதலாவதை நினைத்துக்கொண்டும் கைகுலுக்கி வந்தால், வீண் சண்டை. இரண்டாவது முறையில் எட்டு மாதம் முடிந்து எழும்பினால் 6,00,000 கழிந்து 3,00,000 திரும்பி வரவேண்டும். எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுதுங்கள். பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா, புரோக்கருக்கு அரை மாதமா ஒரு மாதமா என்பதையும் அதே இருப்பில் முடித்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்துக்கு, முத்திரை ஒட்டி இருவர் கையெழுத்து வைத்த தாள் போதும் என்பார்கள். போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். காணிப் பதிவகத்தில் பதிந்தும் விடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்றாக உதவுவதும் அந்தப் பதிவுதான். மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: நொத்தாரிசு ஒப்பந்தம் இருந்தால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரரும் குத்தகை முடிந்த வீட்டை நீண்ட வழக்கில்லாமல் சுருக்கு வழியில் மீட்கலாம். புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு மாதம் முன்னரே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளவத்தை பிளட்களில் கணிசமானவற்றின் சொந்தக்காரர் லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருப்பார், திறப்பு தம்பியிடமோ பக்கத்து வீட்டு அன்ரியிடமோ இருக்கும். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கையெழுத்து வைக்க, சொந்தக்காரர் தன் சார்பில் அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் என்ற பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் என்று எழுதியிருக்கிறதா என்று நொத்தாரிசு வாசிக்கட்டும். கூடவே வீட்டு உறுதியின் பிரதியும், பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்று கட்டட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் (பிளட் சொந்தக்காரர்களின் நிர்வாக அமைப்பு) தரும் கடிதமும். பாக்கி சொந்தக்காரருடையதானாலும் வாசல் திறக்கும் அட்டை வேலை செய்யாமல் போவது குடியிருப்பவருக்குத்தான். உங்களிடம் அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்று கேட்பார்கள். போர்க்காலத்தில் பொலிஸ் பதிவு என்று அலைந்ததை நினைத்து முதியவர்கள் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான்.

குசினி பற்றி ஒரு சொல். புதுப் பிளட்களில் குசினி ஹோலோடு திறந்து கிடக்கும், பார்க்க வடிவு. பாரை மீன் பொரித்தால் அன்று முழுக்கச் சோபாவே மணக்கும். அடுப்புக்கு மேலே உள்ள புகை இழுப்பான் குழாய் வெளிச்சுவருக்குப் போகிறதா என்று அலுமாரிக் கதவைத் திறந்து பாருங்கள். சிலதில் குழாயே இருக்காது, இழுத்த காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும். மேல்மாடியில் காஸ் சிலிண்டர் அனுமதியா, 12.5 கிலோ சிலிண்டரை எந்த லிப்டில் ஏற்றலாம் என்பதையும் கேளுங்கள்.

10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் தண்ணீர் பரவாயில்லை. இரண்டு நிமிடம் எடுத்தால் இரண்டு பேர் ஒரே நேரம் குளிக்க முடியாது. ஜெனரேற்றர் இருக்கிறது என்றால் எதற்கு என்று கேளுங்கள். லிப்டுக்கும் படிக்கட்டு லைற்றுக்கும் மட்டும் ஓடுவதும் ஜெனரேற்றர்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது அந்த வித்தியாசத்தை எல்லாரும் படித்தார்கள்.

திறப்பு வாங்கும் நாளில் மின், நீர் மீற்றர் இலக்கங்களைப் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். சுவர், தரை, கண்ணாடி, மெத்தை எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுக் காணொளி. திறப்பு எத்தனை, வாசல் அட்டை எத்தனை, ஏசி ரிமோட் எத்தனை என்று பொருள் பட்டியலில் எண்ணோடு எழுதி இரு பக்கமும் கையெழுத்து. லொறி வரும் நாளை நிர்வாகத்துக்கு முன்னரே சொல்லுங்கள். பல கட்டடங்களில் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற விடமாட்டார்கள். இரவு முழுக்க ஓடி விடியற்காலை வந்து நிற்கும் மட்டக்களப்பு லொறி, திங்கள் காலை வரை ஒழுங்கையில் வழியை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.