முதல் சோதனையிலேயே எண்ணாத குறை கணக்கில் வராது

500 சர்க்யூட் போர்டில் 20 ரிஜெக்ட், ஆக 4 சதவீதம். போர்டில் மெஷின் மூலம் பாகம் வைத்து சால்டர் செய்யும் எஸ்எம்டி லைன்கள் பெரும்பாலானவற்றில் குறை விகிதம் என்று இதைத்தான் எழுதி வைக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. 40 பாகம் உள்ள எல்இடி டிரைவரும் 400 பாகம் உள்ள கன்ட்ரோல் போர்டும் அதே 4 சதவீதம் காட்டினால், இரண்டாவது பல மடங்கு நன்றாகச் செய்யப்படுகிறது என்று அர்த்தம். அதனால்தான் டிபிஎம்ஓ, அதாவது பத்து லட்சம் வாய்ப்புக்கு எத்தனை குறை என்ற கணக்கு. எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்புக்கான ஐபிசி-7912 தரநிலை இதற்கானது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். போர்டில் 400 பாகம், 1,600 சால்டர் ஜாயின்ட் (பாகத்தின் கால் போர்டோடு ஒட்டும் இடம்). பாகமே கெட்டது என்பதற்கு 400 வாய்ப்பு, தவறாக வைத்தது என்பதற்கு 400, ஜாயின்ட்டுக்கு 1,600. மொத்தம் 2,400. 500 போர்டுக்கு 12 லட்சம். 36 குறை கிடைத்தால் டிபிஎம்ஓ 30. ஒரு போர்டுக்குச் சராசரி 0.072 குறை.

அடுத்த படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த 36 குறையும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறியிருந்தால் ஏறக்குறைய 35 போர்டு கெட்டிருக்க வேண்டும். கெட்டது 20 மட்டுமே என்றால் குறைகள் கொத்தாக விழுகின்றன. கொத்துக்கு ஒரு தனிக் காரணம் இருக்கும்: பாகத்தை உறிஞ்சி எடுத்து வைக்கும் நாசில் தேய்ந்தது, சால்டர் பேஸ்ட்டைத் தடவும் ஸ்டென்சில் தகட்டில் துளை அடைத்தது, பேஸ்ட் பிரிண்டரில் பேனலுக்கு அடியில் வைக்க மறந்த சப்போர்ட் பின். சிதறல் என்றால் பேஸ்ட், ரீஃப்ளோ புரொஃபைல் (பேஸ்ட்டை உருக்கும் அடுப்பின் வெப்ப அளவுகள்) பக்கம் பார்க்க வேண்டும். எங்கே தேடுவது என்பதை ரிஜெக்ட் சதவீதம் ஒருநாளும் சொல்லாது.

எண்ணும் விதியை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். இரண்டு பின்னுக்கு நடுவே சால்டர் பாலம் போட்ட ஒரு பிரிட்ஜ் என்றால் ஒரு குறை. டூம்ப்ஸ்டோன் ஆன, அதாவது ஒரு முனையில் எழுந்து நிற்கும் சிப்பும் ஒரு குறைதான். அதன் ஒட்டாத முனையைத் தனியாக எண்ணக் கூடாது. பாகமே இல்லையென்றால் வைப்புக் குறை ஒன்று, இரண்டு ஜாயின்ட் குறை சேர்க்கக் கூடாது. எந்த விதி என்பதைவிட, மூன்று ஷிப்டிலும் அதே விதி என்பதுதான் முக்கியம்.

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தடா, ஸ்ரீசிட்டி பக்கத்து லைன்களில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கத்திலிருந்து வருபவர்களும் சூலூர்பேட்டை, சத்தியவேட்டிலிருந்து வருபவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ரெஜிஸ்டரில் ஒருவர் 'ஒட்டல' என்று எழுதுவார், அடுத்தவர் தெலுங்கில் 'அதுக்கோலேது' என்று எழுதுவார். இரண்டுக்கும் ஒரே பொருள்தான். ஆனால் அதற்குள் ஓபன் (இணைப்பே இல்லை), நான்-வெட்டிங் (சால்டர் உலோகத்தில் பரவவில்லை), தூக்கிய லெக், சால்டர் குறைவு என நான்கு வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. நான்குக்கும் காரணம் வேறு. சொல்லை எடுத்துவிட்டு, எதை ஏற்கலாம் என்று சொல்லும் ஐபிசி-ஏ-610 தரநிலையின் படிநிலைப்படி எடுத்த போட்டோவுடன் எண் குறியீடு கொடுத்த பிறகுதான் பரேட்டோவுக்கு, அதாவது குறைகளை அதிகத்திலிருந்து வரிசைப்படுத்தும் வரைபடத்துக்கு, உயிர் வரும். அப்போதும் 30 போர்டை மூன்று பேரிடம் தனித்தனியாக, இரண்டு முறை கொடுத்துப் பாருங்கள். தீர்ப்பு ஒத்துவராத குறியீட்டின் போட்டோவை மாற்றுங்கள்.

கணக்கை அழிக்கும் பெரிய எதிரி டச்-அப், அதாவது பதியாமல் கையால் சரிசெய்வது. இன்ஸ்பெக்ஷனுக்கு முந்திய இடத்தில் ஒரு சால்டரிங் அயர்ன் இருந்தால் நல்லெண்ணத்தோடு யாராவது பிரிட்ஜை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். போர்டு பாஸ், குறை காணாமல் போகிறது, டிபிஎம்ஓ அழகாகிறது, ஸ்டென்சில் அப்படியே கிடக்கிறது. எண்ணும் இடத்துக்கு முன்னால் அயர்ன் இருக்கவே கூடாது. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, குறியீடு பதிந்த பிறகே ரிப்பேர்.

கேமரா வைத்துத் தானாகச் சோதிக்கும் ஏஓஐ மெஷின் காட்டுவதையும் அப்படியே எடுக்கக் கூடாது. சப்ளையர் மாறி ரெசிஸ்டரின் எழுத்து சற்று மாறினாலே பொய் அலாரம் கூடும். ஓகே பொத்தானை அழுத்தியே பழகிய கை உண்மையானதையும் தள்ளிவிடும். பொய் அலாரத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். தெரிந்த 10 குறை வைத்த போர்டு ஒன்றை ஷிப்டு நடுவில் சொல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அடியில் சால்டர் பந்துகள் கொண்ட பிஜிஏ சிப்பின் அடிப்பகுதி ஏஓஐக்குத் தெரியாது. எக்ஸ்ரே, ஐசிடி (போர்டில் ஊசி தொட்டுச் செய்யும் மின் சோதனை), ஃபங்ஷன் டெஸ்டில் வந்த குறைகளை பார்கோடு வழியாக அதே போர்டின் கணக்கில் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக் காற்றும் எண்ணில் தெரியும். 2 முதல் 10 டிகிரியில் இருந்த பேஸ்ட் டப்பாவை எடுத்தவுடன் திறந்தால், உள்மூடியில் பனி பூத்தது போல் நீர்த்துளி கோக்கும். அந்தப் பேஸ்ட் ரீஃப்ளோவில் தெறித்து, சிப்பின் பக்கவாட்டில் கடுகைவிடச் சிறிய சால்டர் பந்துகளாக நிற்கும். மூடியைத் திறக்காமல் 4 மணி நேரம் அறை வெப்பத்தில் வைப்பதுதான் மருந்து. ஈரத்தை உறிஞ்சும் எம்எஸ்எல் 3 வகைப் பாகத்தை உறை பிரித்தபின் வெளியில் வைக்கத்தக்க 168 மணி நேரமும் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் வரைக்கும்தான்; அறை அதைத் தாண்டினால் அந்தக் கெடு செல்லாது. எனவே குறைத் தாளிலேயே ஈரப்பத மீட்டர் காட்டுவதை எழுத ஒரு கட்டம் வேண்டும்.

சோதனைக்காக முதலில் செய்யும் பைலட் லாட்டில் குறை பூஜ்யம் என்று வந்தால் என்ன எழுதுவது? 3-ஐச் சோதித்த போர்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பிக்கையில் மேல்வரம்பு கிடைக்கும். 100 போர்டில் கெட்டது ஒன்றும் இல்லை என்றால், 3 சதவீதம் வரை கெட இன்னும் இடம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் தாளில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே அந்த 3 சதவீதத்தையும் எழுதுங்கள்.