பழைய தேவாலயத்தில் நான் முதலில் தேடுவது

பழமையான தேவாலயங்களைக் காணச் செல்கிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவற்றை நானும் ரசிப்பவன்தான்; ஆனால் உள்ளே நுழைந்ததும், இந்த ஆலயம் யார் யாரை எந்த இடம் வரை வர விட்டது என்பதையே முதலில் தேடுகிறேன்.

தொடக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. சிரியாவின் தூரா யூரோப்போசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 3ஆம் நூற்றாண்டு வழிபாட்டிடம் ஒரு குடியிருப்பு வீடுதான். இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்துக் கூடமாக்கி, வேறோர் அறையில் திருமுழுக்குத் (ஞானஸ்நானத்) தொட்டியை அமைத்திருந்தார்கள். 4ஆம் நூற்றாண்டில், பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆதரவில் பெரிய ஆலயங்கள் எழுந்தபோது, வழக்கும் வணிகமும் நடந்த ரோமானியப் பொதுமண்டபமான பசிலிக்கா அவற்றுக்கு மாதிரியானது. கூட்டமாக உள்ளே கூடி வழிபடுகிறவர்களுக்கு அந்த அமைப்பே பொருந்தியது. ஆயினும், திருமுழுக்குப் பெறாதவர்கள், அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் நற்கருணைப் பகுதி தொடங்குமுன் வெளியே அனுப்பப்பட்டார்கள். பல பழைய ஆலயங்களில் திருமுழுக்குத் தொட்டி இன்றும் வாசலருகே இருப்பது, சபைக்குள் நுழையும் வழி அதுவே என்பதைக் காட்டத்தான்.

இருக்கைகள் இதைவிட வெளிப்படையானவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில பழைய ஆலயங்களில், சிறு கதவும் எண்ணும் பொருத்தி அறைபோல் அடைத்த இருக்கைகளைக் காணலாம்; வசதியுள்ள குடும்பங்கள் வாடகை செலுத்தித் தமக்கென வைத்துக்கொண்டவை அவை. பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பின மக்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே இடத்தைவிட்டு எழுப்பப்பட்டதால், அவர்களின் தலைவர்களான ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்சும் தம் மக்களோடு வெளியேறினார்கள். ஆலன் 1794இல் தொடங்கிய பெத்தேல் ஆலயம் அதே நகரில் இன்றும் இயங்குகிறது. நம் பக்கத்திலும் இதற்குக் குறைவில்லை: வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம், சாதிக்கொரு புறமாக மக்கள் பிரிந்து அமரும்படி, பீடத்தில் சந்திக்கும் இரு நீண்ட கூடங்களாக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு பிரிவினருக்கும் இடையிலிருந்த தடுப்பு அகற்றப்பட்டபோது, அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். கல்லிலேயே கட்டிய பாகுபாட்டை இடித்தது நீதிமன்றம் வரை போய்த்தான் நிலைத்தது என்பதை அந்த ஆலயத்தின் அழகைப் பேசுகிறவர்கள் ஏனோ சொல்வதில்லை.

ஆகவே, பழைய ஆலயத்தைக் காண வழிபாட்டு நேரமே உகந்தது என்பது என் கருத்து. பூட்டிய கட்டடத்தின் அழகைவிட, அதே கூடத்தில் இன்று யார் எங்கே அமர்கிறார்கள் என்பது கூடுதலாகத் தெரிவிக்கும். கிறிஸ்தவர் அல்லாதவரும் பெரும்பாலான ஆலயங்களில் தடையின்றி அமரலாம். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வழங்கும்போது இருக்கையிலேயே இருந்துவிட்டால் போதும், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். சில புராட்டஸ்டண்ட் சபைகளில் புதிதாக வந்தவர்களை எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வதுண்டு. கூச்சமுள்ளவர்கள் இதற்கு ஆயத்தமாகச் செல்வது நல்லது. எத்தியோப்பிய ஆலயங்களில் காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். வழிபாடு முடிந்தபின் ஆலயத்தைப் பராமரிக்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தால், எந்தக் கதவு எப்போது அடைக்கப்பட்டது, எந்த வரிசை யாருடையதாக இருந்தது என்பவற்றை, தகவல் பலகையில் இல்லாத விவரங்களோடு அவர் சொல்லக்கூடும்.