முதுகில் பவுடர் போடுவதற்கு முன்

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை வைத்துப் பராமரிக்கும் வீட்டுக்குள் நுழைந்தால், தலைமாட்டில் ஒரு பவுடர் டப்பாவும், ஸ்பிரிட் புட்டியும், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் இருப்பதை மதுரைப் பக்கத்தில் இன்றும் பார்க்கிறேன். இவற்றை வாங்கி வைக்கச் சொன்னவர்கள் பெரும்பாலும் செவிலியர்களே. ‘பேக் கேர்’ என்ற பெயரில், முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும் என்றுதான் நர்சிங் படிப்பில் நெடுங்காலம் சொல்லித்தந்தார்கள். அன்போடும் சிரத்தையோடும் செய்யப்படும் இந்தப் பணிவிடையில் பாதி, படுக்கைப்புண்ணைத் தடுப்பதற்குப் பதிலாக அதற்கு வழி விடுகிறது என்பதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்வதுதான் வீட்டுச் செவிலியப் பணியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

காரணம் எளிமையானது. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் தோலும் தசையும் மணிக்கணக்கில் நசுங்கும்போது அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சிவந்துபோன இடம் என்பது உள்ளே ஏற்கெனவே காயம் தொடங்கியிருக்கக்கூடிய இடம். அதை அழுத்தித் தேய்த்தால் உள்ளிருக்கும் திசு மேலும் சிதைகிறது. ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்கிறது. வளையமோ தன் விளிம்பு படும் இடத்திலெல்லாம் புதிய அழுத்தத்தை உண்டாக்கி, நடுப்பகுதிக்கு இரத்தம் போவதையும் தடுக்கிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் வழக்கமும் நம் வார்டுகளிலிருந்து வீடுகளுக்கு வந்ததுதான். ஐரோப்பிய, அமெரிக்க, பசிபிக் வட்டார வல்லுநர் அமைப்புகள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட படுக்கைப்புண் வழிகாட்டி, தேய்த்துவிடுதல், வளையம், தண்ணீர் நிரப்பிய கையுறை ஆகிய மூன்றையும் வேண்டாம் என்றே சொல்கிறது. கெண்டைக்காலின் நீளத்துக்கு ஒரு தலையணையை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தால் போதும். அதற்குத் தனியாகச் செலவும் இல்லை.

சான்றுகளின் அடிப்படையிலான செவிலியம் என்று பேச்செடுத்தாலே, அது ஆராய்ச்சி நிலையங்களின் விவகாரம், நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆய்வில் தெரியவந்தது என்ன, பணிசெய்பவரின் அனுபவம் சொல்வது என்ன, படுத்திருப்பவரின் விருப்பம் என்ன என்ற மூன்றையும் சேர்த்து முடிவெடுப்பதுதான் அது. மருத்துவமனையைவிட வீட்டில்தான் இதற்குத் தேவை அதிகம் என்பேன். வார்டில் ஒருவர் தவறவிட்டதை அடுத்த ஷிப்டில் வருபவர் கண்டுபிடித்துவிட வாய்ப்புண்டு. வீட்டிலோ செவிலியர் வந்து போகும் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டுச் செல்வதைத்தான் மருமகளோ மகனோ மாதக்கணக்கில் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்.

தோலைப் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளலாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுத்துப் பிறகு சிவக்கிறதா, வெளுக்காமல் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், வெளுக்காவிட்டால் அது முதல் நிலைப் புண் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வெளிறிய தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடம் அது. நம் மக்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை; அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருநீலமாகத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வால் எலும்பின் மேலே கையை வைத்து, பிறகு ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் சூடாகவோ குளிர்ந்தோ இருப்பது தெரியும். விரலால் தொட்டால் ஓரிடம் மட்டும் கல்போலவோ சேறுபோலவோ இருக்கும். நினைவுள்ளவராக இருந்தால் அங்கே தொட்டதும் முகத்தைச் சுளிப்பார். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துப் பார்ப்பது நல்லது. குடும்பத்தாருக்கு நான் முதலில் கற்றுத்தருவது இதைத்தான், ஏனெனில் தோல் உரிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும், முன்கூட்டியே கண்டுபிடித்தால் அழுத்தத்தை விலக்கிய சில நாள்களில் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்து வருவது புரட்டிப் படுக்க வைத்தல். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டச் சொல்றீங்க சிஸ்டர், ராத்திரி மாமாவும் தூங்க மாட்டேங்குறாரு, நானும் தூங்க முடியல" என்று ஒரு மருமகள் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆய்வில் பதில் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. புண் வருவதில் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் அனைவரும் அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள் என்பதையும், அவர்களின் தோல் ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்டது என்பதையும் விட்டுவிட்டு, ‘4 மணி நேரம் போதும்’ என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஆபத்து. நடுவில் குழி விழுந்த இலவம்பஞ்சு மெத்தையிலும் கயிற்றுக் கட்டிலிலும் கிடப்பவருக்கு அந்த முடிவு பொருந்தாது. ஆகவே அந்த வீட்டில் முதலில் மெத்தையை மாற்றச் சொன்னேன். தோல் தாங்குகிறதா என்று காலையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரவு இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டினோம். அந்த மருமகளின் தூக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன், அவர் விழுந்துவிட்டால் பெரியவரைப் பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை.

சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய் ஆகியவற்றிலும் இப்படிக் களைய வேண்டிய பழக்கங்கள் உண்டு. யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், பேக்கை அடிக்கடி கழற்றி மாட்டக் கூடாது, சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. ரைல்ஸ் டியூப் எனப்படும் அந்த உணவுக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, அதில் காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கும் சோதனை நம்பத்தகுந்ததல்ல. குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கக்கூடும்.

சான்றுகள் எப்போதும் நாம் கேட்க விரும்புவதையே சொல்வதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சியைக் குடும்பத்தாருக்கே கற்றுத்தந்து வீட்டில் தொடரச் செய்தால் நோயாளி விரைவில் தேறுவார் என்ற நம்பிக்கை நம் நாட்டில் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் இதைச் சோதித்த அட்டென்ட் ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் சேர்ந்து, குடும்பத்தார் பயிற்சி அளித்த குழு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழு ஆகிய இரண்டிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். குடும்பத்தாரின் பங்கு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலையை ஒரு கையேட்டோடு குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டால் அது நடந்துவிடாது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

பயிற்சி பெற்ற செவிலியரே வீடு வரை தொடர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, செவிலிய ஆய்வாளர் மேரி நேய்லரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடத்திய ஆய்வு 1999-இலேயே விடை தந்திருக்கிறது. மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கும் என்று கருதப்பட்ட, 65 வயதைக் கடந்த 363 பேர் அதில் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினரை உயர்பயிற்சி பெற்ற செவிலியர் வார்டிலேயே சந்தித்துத் திட்டமிட்டு, வீடு திரும்பிய பின் 4 வாரங்கள் நேரில் சென்றும் தொலைபேசியிலும் கவனித்தார். 24 வாரங்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 37.1 விழுக்காடு, செவிலியர் தொடர்ந்தவர்களில் 20.3 விழுக்காடு. செலவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அங்கே கிடைத்த எண்ணிக்கை அப்படியே இங்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வார்டில் பார்த்த அதே செவிலியர் வீட்டுக்கும் வருவது என்ற ஏற்பாட்டை நம் ஊரில் எத்தனை மருத்துவமனைகள் எண்ணிப் பார்க்கின்றன?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக்குச் செவிலியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் வீட்டுக்கு வரும் ஏற்பாடும் உண்டு. வீட்டு வாசலைத் தேடிச் சிகிச்சை போவது பெரிய மாற்றம். எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்பதோடு, போன வீடுகளில் எத்தனை பேருக்குப் புதிதாகப் புண் வந்தது, எத்தனை புண்கள் ஆறின, எத்தனை பேர் கீழே விழுந்தார்கள், எத்தனை பேர் மறுபடி மருத்துவமனைக்குப் போனார்கள் என்ற கணக்கும் அரசுத் திட்டத்திலும் தனியார் ஹோம் கேர் நிறுவனங்களிலும் எடுக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தக் கணக்குக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் 1987-இல் வெளியிட்ட, படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் அளவுகோலில் உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், ஊட்டம், உராய்வு என ஆறு தலைப்புகள் உள்ளன. மொத்தம் 23 மதிப்பெண்ணில் 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் எச்சரிக்கை தேவை. புண் ஏற்கெனவே இருந்தால் தலையிலிருந்து கால் நோக்கி நீளத்தையும், குறுக்கே அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதினால் போதும். நான் பார்க்கும் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தோலைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. பிரேடன் மதிப்பெண், முதுகிலும் குதிகாலிலும் தோல் இருக்கும் நிலை, புண் இருந்தால் அதன் அளவு ஆகிய இந்த மூன்றையும் வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே அந்தத் தாளில் எழுதித் தந்தால், முதல் நாள் வீட்டுக்குப் போகும் செவிலியர் எதிலிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொண்டு போவார்.